எழுபத்தெட்டாவது நிமிடத்துக் கடைவாய்ப்பல்

"ஏம்ப்பா, ஆடுறவங்க தப்பு பண்ணா நீ விசில் ஊதுற. நீ தப்பு பண்ணா யாருப்பா ஊதுவா?"

பல் டாக்டரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டு விழுந்திருந்தன. டாக்டர் வாய் நிறையப் பற்பசை நுரையோடு கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். கோப்பைக்கான இறுதி ஆட்டத்துக்கு இன்னும் சில மணி நேரமே இருந்தது. நுரையைத் துப்பிவிட்டு அவர் சொன்னார்:

"ரெஃப்ரீ தப்பு பண்ண மாட்டாரும்மா."

"ஏன்?"

"விசில் அவர்கிட்டதான இருக்கு."

மகள் கொஞ்சம் யோசித்தாள். கடைக்காரர் மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தத் தெரு ஒரு சரிவில் இருந்தது. மேலே இருப்பவர்கள் மேல்தெரு, கீழே இருப்பவர்கள் கீழ்த்தெரு. தபால்காரருக்கு அது ஒரே தெருதான். தண்ணீர் வருவதும் ஒரே குழாயில்தான். ஆனால் கால்பந்து அணி இரண்டு. மேலே இருப்பவர்கள் கீழே இறங்கி ரொட்டி வாங்குவார்கள். கீழே இருப்பவர்கள் மேலே ஏறிச் சட்டை தைப்பார்கள். பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள், ஏணி இரவல் வாங்குவார்கள். இறுதி ஆட்டம் நெருங்கும் இரண்டு வாரம் மட்டும் ஏணிகள் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும்.

டாக்டரின் கிளினிக் தெரு வளைவில், சரியாக நடுவில் இருந்தது. அந்த ஒரே தகுதிக்காக ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவரை நடுவராக்கினார்கள். அன்று அவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. புத்தகம் வாங்கி, பரீட்சைக்குப் படிப்பதுபோல அடிக்கோடு போட்டுப் படித்தார். அவரை வைத்துக்கொள்வதில் இன்னொரு வசதியும் இருந்தது. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் என்றாவது ஒருநாள் அவருடைய நாற்காலியில் மல்லாந்து படுத்தே ஆக வேண்டும். அதனால் மைதானத்தில் யாரும் அவரிடம் அதிகம் வாய் கொடுப்பதில்லை.

அந்த நாற்காலியில் ஒருமுறைகூடப் படுக்காதவர் ரொட்டி அண்ணன்தான். கீழ்த்தெருவின் பேக்கரிக்காரர். நாற்பத்தொரு வயது, கதவளவு தோள், ஒரு முழங்கால் ரிப்பேர். பதினாறு வருடமாகக் கீழ்த்தெருவுக்காக முன்வரிசையில் ஆடுகிறார். எல்லா ஆட்டத்திலும் கோல் போட்டிருக்கிறார், இறுதி ஆட்டத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. இந்த வருடத்தோடு நிறுத்திவிடுவதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். ஒவ்வொரு ரொட்டியையும் காகிதத்தில் சுற்றும்போது வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லியும் வந்தார். "ஒரே ஒரு கோல். போட்டுட்டா நிம்மதியா மாவு பிசைவேன்."

எழுபத்தெட்டாவது நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கீழ்த்தெருவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. ரொட்டி அண்ணன் முழங்காலை மறந்து எழும்பித் தலையால் முட்டினார். மேல்தெருவின் கோல்கீப்பரான தையல்காரர் பின்பக்கமாக விழுந்தபடியே பந்தைக் கையால் வாரி எடுத்தார். கோட்டைத் தாண்டிய பிறகு வாரினாரா, தாண்டும் முன்பே வாரினாரா என்பதுதான் கேள்வி. டாக்டர் பத்தடி தள்ளி நின்றிருந்தார். அதைப் பார்க்க அந்த மைதானத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் டாக்டர் பந்தைப் பார்க்கவில்லை.

முட்டிய வேகத்தில் ரொட்டி அண்ணன் கோல் என்று கத்தியபடி வாயை முழுதாகத் திறந்திருந்தார். சாய்ந்த வெயில் நேராக அந்த வாய்க்குள் விழுந்தது. இருபது வருடமாக விளக்கை வளைத்து வளைத்துப் பழகிய கண்ணுக்கு இப்படி ஒரு வெளிச்சம் வாய்த்தால் என்ன செய்யும்? கீழ்வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தைய கடைவாய்ப்பல். குறுக்கே வெடிப்பு. பக்கத்து ஈறு சிவந்து தடித்திருந்தது. இதை உடனே கவனிக்க வேண்டுமே என்று டாக்டர் நினைத்து முடித்தபோது பந்து தையல்காரரின் நெஞ்சோடு அணைந்து கிடந்தது. தெரு மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் கோட்டருகே கொடியோடு நின்ற தபால்காரரைப் பார்த்தார். தபால்காரர் வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வருடமாகப் பார்த்தேன் என்றே சொல்லி வந்த வாய்க்கு அது வரவில்லை. கோல் இல்லை என்று கையை வீசினார். கடைசி நிமிடத்தில் மேல்தெரு ஒரு கோல் போட்டது. கோப்பை மேலே ஏறிப் போனது.

மறுநாளிலிருந்து கீழ்த்தெருக்காரர்கள் பல்வலியைப் பொறுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். இரண்டு பேர் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் டாக்டரிடம் போனார்கள். அங்கே பல்லோடு பஸ் கட்டணமும் போனது என்றாலும் கொள்கையை விடவில்லை. மேல்தெருக்காரர்களோ அன்பு தாங்காமல் வந்து குவிந்தார்கள். வலியே இல்லாத பல்லைக் காட்டி, "எதுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க டாக்டர்" என்றார்கள்.

கிளினிக்கில் வேலை பார்த்த நர்ஸம்மா கீழ்த்தெரு. அவருடைய சொந்தத் தம்பி அந்த அணியில் பின்வரிசையில் ஆடுபவன். வேலையை விட அவருக்கு மனம் இல்லை, டாக்டரோடு பேசவும் மனம் இல்லை. அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் நோயாளியிடம் சொன்னார்.

"வாய நல்லா தொறங்க. எந்தப் பல்லுன்னு விரலால தொட்டே காட்டிடுங்க. அவ்ளோ பெரிய பந்தே தெரியாதவருக்கு இத்துணூண்டு பல்லு எங்க தெரியப் போகுது."

நோயாளிக்குப் பயம் வந்துவிடும். டாக்டர் கையுறையை மாட்டுவார்.

வீட்டில் வேறு விதமான சோதனை. அவர் மனைவி வழக்கம்போலப் பேக்கரிக்குப் போய் நாலு பன் வாங்கி வந்தாள். டாக்டர் கையை நீட்டினார். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"இது உங்களுக்கு இல்லையாம். எனக்கும் பாப்பாவுக்கும் மட்டும்தான்னு சொல்லிக் குடுத்தாரு ரொட்டி அண்ணன். நானும் சரின்னு சொல்லிட்டேன்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாரு."

"நான் பேச்சுக்குச் சொல்லல. வாக்குக் குடுத்தா காப்பாத்தணும்னு பாப்பாவுக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதான்."

"ரெண்டு பேருக்கு எதுக்கு நாலு?"

"பாப்பாவுக்கு ஒண்ணரை, எனக்கு ரெண்டரை. கணக்கு சரியாத்தான் வருது."

டாக்டர் உருளைக்கிழங்கை வேகவைத்து உப்புப் போட்டுச் சாப்பிட்டார். மூன்று வாரம் அதுவே சாப்பாடு.

டாக்டர் கடவுளிடம் பயமும் அன்பும் உள்ளவர். முதல் நோயாளி வருவதற்கு முன்பு கையைக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் கண்ணை மூடி ஒரே ஒரு வரி வேண்டிக்கொள்வார்: இன்னைக்கு என் கையால யாருக்கும் தேவைக்கு மேல வலி வரக் கூடாது. இருபது வருடத்தில் அந்த வரி ஒருநாளும் தடுக்கியதில்லை. இப்போது பாதியில் நின்றது. ஒரு மனிதரின் பதினாறு வருட ஆசையைக் கையை வீசித் தள்ளிவிட்டவர் அந்த வேண்டுதலை எந்த முகத்தோடு முடிப்பார்? இருந்தாலும் மனதின் ஒரு மூலையில் ஒரு சமாதானம் இருந்தது. பந்து உள்ளே போகாமலே இருந்திருக்கலாம் அல்லவா?

அந்தச் சமாதானத்தைத் தையல்காரர் வந்து கெடுத்தார். நர்ஸம்மா உள்ளே கருவிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த நேரம். நாற்காலியில் சாய்ந்தபடி அவர் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர் சார், ஊசி போட்டா வாய் மரத்துடும், அதனால இப்பவே சொல்லிடறேன். பந்து ஆறு இஞ்ச் உள்ள போயிடுச்சு. அளவு விஷயத்துல நமக்குத் தப்பாது. உங்க கண்ணு முன்னாடிதான் போச்சு. பாத்தும் நமக்காக விட்டுக்குடுத்தீங்க பாருங்க, அத மேல்தெரு மறக்காது."

"நான் யாருக்காகவும் எதையும் விட்டுக்குடுக்கலையே."

"அதான. வெளிய அப்படித்தான் சொல்லணும்." தையல்காரர் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு வாயைத் திறந்தார்.

கண் தெரியாதவர் என்று கீழே சொன்னார்கள். அதை டாக்டர் தாங்கிக்கொண்டார். நம்ம ஆள் என்று மேலே சொல்வதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை மகள் பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ரொட்டி மாமா கன்னமும் பன் மாதிரியே இருக்கு. ஒரு பக்கம் மட்டும்."

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "எந்தப் பக்கம்?"

மகள் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். வலது. கன்னத்திலிருந்து தாடைக்குக் கீழே வரை.

அவருக்கு உருளைக்கிழங்கு இறங்கவில்லை. அந்த இடத்துப் பல்லில் சீழ் வைத்தால் அது கன்னத்தோடு நிற்காது. தொண்டைப் பக்கம் இறங்கி மூச்சையே அடைக்கும். நாள் கடத்தக் கூடாது. போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் எப்படிச் சொல்வது? ரொட்டி அண்ணன் அவரிடம் வாயைக் காட்டியதே இல்லை. எந்தப் பல் என்று சொன்னால் எப்போது பார்த்தாய் என்ற கேள்வி வரும். எப்போது என்று சொன்னால் மற்றதெல்லாம் தானாகவே வெளியே வந்துவிடும்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, கிளினிக்கைச் சாத்திவிட்டு அவர் சரிவில் இறங்கினார். பேக்கரியில் வியாபாரம் ஓய்ந்த நேரம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ரொட்டி அண்ணன் தாடையைத் துணியால் கட்டி, முடிச்சை உச்சந்தலையில் போட்டுக்கொண்டு, நீளத் துடைப்பத்தால் அடுப்பின் வயிற்றைக் கூட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் குனிந்து உள்ளே போனார்.

"கடை மூடியாச்சு" என்றார் ரொட்டி அண்ணன் திரும்பாமலே.

"ரொட்டி வாங்க வரல அண்ணே. கீழ வலது பக்கம், கடைசிக்கு முந்தின பல்லு. குறுக்க வெடிச்சிருக்கு. உடனே பாக்கணும்."

துடைப்பம் நின்றது. "யாரு சொன்னா? என் வீட்டுக்காரியா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

"நான் உங்க முன்னாடி வாயத் தொறந்ததே இல்லையே டாக்டர்."

"ஒரு தடவ தொறந்தீங்க." டாக்டர் தரையைப் பார்த்தார். தரையில் மாவு படிந்திருந்தது. "எழுபத்தெட்டாவது நிமிஷம்."

ரொட்டி அண்ணன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார். மாவு மூட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். அவர் மனதுக்குள் அந்த நிமிடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்போ பந்து?"

"பாக்கல."

"பல்லப் பாத்தீங்க."

"பல்லத்தான் பாத்தேன்."

"பாக்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"வெக்கமா இருந்துச்சு அண்ணே. அது கோல்தான்னு இப்போ எனக்குத் தெரியும். பதினாறு வருஷத்த நான் ஒரு கைவீச்சுல கெடுத்துட்டேன். மன்னிக்கணும்னு கேக்க எனக்குத் தகுதி இல்ல. பல்லுக்காவது வந்துடுங்க."

ரொட்டி அண்ணனின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டாக்டர் பயந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் வலித்தது, வலித்தால் முனகினார், முனகிவிட்டு மறுபடி சிரித்தார்.

"மூணு வாரமா என் பொண்டாட்டி டாக்டர்கிட்ட போங்கன்னு கெஞ்சுறா. அந்த மனுஷன் வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். எல்லாரும் என்னா ரோஷம்னு பாராட்டினாங்க." குரல் தாழ்ந்தது. "உண்மையச் சொன்னா, கோவம் பாதிதான். மீதி பாதி ஊசிக்குப் பயம். இருபது வருஷமா உங்க வாசலத் தாண்டும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கமாத்தான் நடப்பேன்."

"பல்லு எப்படி வெடிச்சுது?"

"ரஸ்க்கு. ஒவ்வொரு தட்டுலயும் ஒண்ணக் கடிச்சுப் பாத்துதான் இறக்குவேன். வலது பக்கமா."

அன்று மாலையே அவர் கிளினிக்குக்கு வந்தார். நாற்காலி அவருக்குப் போதவில்லை. டாக்டர் சீழை வடித்து, மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு வரச் சொல்லி, ஐந்தாம் நாள் பல்லை எடுத்தார். ஊசியைக் கண்டதும் ரொட்டி அண்ணன் நர்ஸம்மாவின் கையைப் பிடித்தார். விட்டபோது நர்ஸம்மாவின் விரல்கள் வெளுத்திருந்தன.

"முடிஞ்சுது" என்றார் டாக்டர்.

"எப்போ ஆரம்பிச்சீங்க?" என்றார் ரொட்டி அண்ணன்.

நர்ஸம்மா விரலை உதறிக்கொண்டே, மூன்று வாரத்துக்கும் மேலாக இல்லாத வழக்கமாக, டாக்டரைப் பார்த்தே பேசினார். "கை சுத்தம்தான் உங்களுக்கு. அதுல குறை சொல்ல முடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவின் கால்பந்துச் சங்கக் கூட்டம். மேல்தெரு, கீழ்த்தெரு இரண்டும் உட்கார்ந்திருந்தன, நடுவில் நடக்க ஒரு பாதை விட்டு. தலைவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சட்டம் என்றால் உயிர். டாக்டர் எழுந்தார்.

"இறுதி ஆட்டத்துல அந்தப் பந்த நான் பாக்கல. பாக்காமலே கோல் இல்லன்னு சொன்னேன். அது என் தப்பு."

சத்தம் அடங்க நேரம் பிடித்தது. ஆனால் டாக்டர் எதிர்பார்த்த சத்தம் அது இல்லை.

"பாவம், கீழ்த்தெருக்காரங்க கிளினிக்குக்கு வராம மிரட்டி இப்படிச் சொல்ல வச்சுட்டாங்க" என்றது மேல்தெரு.

"இப்போ நல்லவர் வேஷம் போட்டா எங்க பல்லெல்லாம் திரும்பி வந்துடும்னு பாக்குறாரு" என்றது கீழ்த்தெரு.

ஒன்பது வருடமாக அவர் சொன்னதை எல்லாம் நம்பியவர்கள், அவர் சொன்னவற்றிலேயே மிக உண்மையானதை நம்ப மறுத்தார்கள். தையல்காரர் எழுந்தார், தொண்டையைச் செருமினார், தன் பக்கத்து ஆட்களைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். பல் எடுத்த பக்கத்துக் கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ரொட்டி அண்ணனோ டாக்டரை உட்காரச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டே இருந்தார்.

தலைவர் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். "நடுவரோட முடிவே இறுதியானது. அத எதிர்த்து யாரும் பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு. யாரும்னா நடுவரும்தான்." சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து டாக்டரின் முகத்துக்கு நேராக உயர்த்திக் காட்டினார். "டாக்டர், இது முதல் எச்சரிக்கை. அடுத்து, பந்துக்குக் காத்தடிக்கிற பம்ப் யாரு வீட்ல இருக்கு?"

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது டாக்டரின் காது சிவந்திருந்தது.

"நான் கைகாட்டினேன்ல, வேணாம்னு" என்றார் ரொட்டி அண்ணன்.

"உங்க கோல் இன்னும் என்கிட்டதான் இருக்கு அண்ணே. அத எப்படியாவது குடுத்துடணும்."

ரொட்டி அண்ணன் தாடையைத் தடவியபடி யோசித்தார். "வாயி ஆறட்டும். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு மைதானத்துக்கு வாங்க. விசிலயும் எடுத்துட்டு வாங்க."

இரண்டடி தள்ளித் தையல்காரர் சைக்கிள் பூட்டோடு வெகுநேரமாகப் போராடிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மைதானத்தில் யாரும் இல்லை. குழந்தைகள் பள்ளியிலும் பெரியவர்கள் வேலையிலும் இருந்தார்கள். ரொட்டி அண்ணன் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, முழங்கையில் மாவோடு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் நடுவர் சட்டை போட்டிருந்தார். அதை வீட்டிலிருந்து போட்டுவர வெட்கப்பட்டு, மேலே மழைக்கோட்டு அணிந்து வந்திருந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

இருவரும் கோல் கம்பத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். வலை மாட்டியிருந்தது. ஆட்டக்காலம் முடிந்ததும் வலையைக் கழற்றித் தையல்காரரின் கடையில் போட்டுவிடுவது வழக்கம். அடுத்த வருடம்தான் அது மறுபடி வெளியே வரும்.

"நீங்க கேட்டீங்களா?" என்றார் ரொட்டி அண்ணன்.

"இல்லையே. நீங்க?"

"நான் எதுக்குக் கேக்குறேன்."

டாக்டர் கிட்டே போய்ப் பார்த்தார். கிழிந்திருந்த மூலைகள் எல்லாம் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தன. நூலின் முனைகள்கூடத் தெரியாத தையல்.

கார்னரிலிருந்து டாக்டரே உதைக்கப் பார்த்தார். பந்து பின்பக்கப் புதருக்குள் போனது. எடுத்து வந்து, அன்று நின்ற அதே பத்தடியில் நின்றுகொண்டு, கையால் உயரத் தூக்கிப் போட்டார். ரொட்டி அண்ணன் எழும்பி முட்டினார். கோல்கீப்பர் இல்லாத கோல். பந்து கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி வெளியே போனது.

ரொட்டி அண்ணன் இடுப்பில் கையை வைத்தார். "இந்தத் தடவ பாத்தீங்களா?"

"பாத்தேன். வெளிய."

"நிச்சயமா?"

"நிச்சயமா வெளிய அண்ணே."

"சரிதான்" என்றார் ரொட்டி அண்ணன் திருப்தியோடு. "இன்னொண்ணு போடுங்க."

டாக்டர் பந்தை மறுபடி தூக்கிப் போட்டார். ரொட்டி அண்ணன் முழங்காலை மறந்து எழும்பினார். முட்டிய வேகத்தில் வாய் முழுதாகத் திறந்தது. வெயில் அந்த வாய்க்குள் நேராக விழுந்திருக்கும். பல் எடுத்த இடம் எப்படி ஆறியிருக்கிறது என்று ஒரே ஒரு பார்வை பார்க்க டாக்டரின் கண் துடித்தது. அவர் பார்க்கவில்லை. பந்து கோட்டைத் தாண்டி, புதுத் தையல் போட்ட வலையில் மோதி, கீழே விழுந்து, உருண்டு, அசையாமல் நிற்கும்வரை பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோலுக்கான விசிலை நீளமாக ஊதி, ஆளில்லாத மைதானத்தின் நடுவைக் கைநீட்டிக் காட்டினார்.